தனியே வைக்க வேண்டியது தட்டை அல்ல... பிளேடை!



நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 37. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவர், டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது படிக்கின்றனர். மாமியாரும் எங்களோடு தான் இருக்கிறார். வாரா வாரம் இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை, அடுப்படி வேலை முடிந்ததும் ஒரு வரி விடாமல் படிப்பேன். ஆனால், ஒரு சமையல் குறிப்பு கூட இதுவரை எழுதி அனுப்பியதில்லை. இந்த விஷயத்தை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2025 மே மாதம், தொப்புள் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு வீக்கம் தெரிந்தது. பக்கத்து டவுனில் உள்ள தனியார் மருத்துவமனையில் காட்டினோம். 'ஹெர்னியா தான், சின்ன ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்' என்றனர். பிள்ளைகளுக்கு லீவு முடிவதற்குள் செய்து விடலாம் என்று தேதியும் குறித்தாயிற்று. அதற்கு முன் ரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் ரிசல்ட் வாங்கப் போன போது, வராந்தாவில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தனர். ஒரு நர்ஸ் பெண், என் பைலைக் கையில் வைத்துக் கொண்டு, 'அந்த ஹெபடைடிஸ் சி கேஸ் யாரு? வாங்க இப்படி' என்று கூப்பிட்டாள். பைலின் மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதி, வட்டம் போட்டிருந்தது. உள்ளே போனால், டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. 'இங்க இந்த ஆபரேஷன் பண்ண முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க' என்றார். அது என்ன வியாதி, எப்படி வரும், குணமாகுமா என்று ஒரு வார்த்தை கிடையாது. வெளியே வந்த போது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, தன் பையை எடுத்து மடியில் வைத்துக் கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

பஸ்ஸில் வரும் போது கணவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? என் தட்டு, டம்ளர், சொம்பு மூன்றையும் தனியே எடுத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் கவிழ்த்தேன். மகளின் நெயில் பாலிஷை எடுத்து, டம்ளரின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். இந்த மாதிரி விஷயத்தில், மாமியார் தான் தட்டைத் தனியே வைத்திருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை சகோதரிகளே... யாரும் சொல்வதற்கு முன், நானே வைத்துக் கொண்டேன். மகனுக்கு ராத்திரி சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போடுவேன். அன்று ஸ்பூனைக் கொடுத்து, 'இனிமே நீயே சாப்பிடு, பெரிய பையனாயிட்டே' என்றேன். பாயைத் தனியே விரித்தேன். என் துணியைத் தனி வாளியில் ஊற வைத்தேன்.

இப்படியே பன்னிரண்டு நாள். பகலில் வேலை செய்வேன். ராத்திரி, எல்லாரும் தூங்கிய பின் கொல்லைப் படியில் உட்கார்ந்து அழுவேன். நான் செத்துப் போவது பற்றிக் கூட அவ்வளவு பயம் இல்லை. இத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்து விட்டேனோ என்பது தான் பயம். இந்த வியாதி எப்படிப்பட்டவர்களுக்கு வரும் என்று கணவர் மனதில் என்ன ஓடுகிறதோ என்பது இன்னொரு பயம். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பதின்மூன்றாம் நாள், மகள் பாத்திரம் துலக்கும் போது அந்தப் பொட்டைப் பார்த்து விட்டாள். 'என் நெயில் பாலிஷ் ஏம்மா டம்ளர்ல இருக்கு?' என்றாள். பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினேன். அவள் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. செல்போனை எடுத்து, உட்கார்ந்து படிக்க ஆரம்பித்து விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, 'அம்மா, இது டம்ளர்ல எல்லாம் ஒட்டாதாம். ரத்தத்துல தான் பரவுமாம். மாத்திரை இருக்காம்' என்றாள். அந்தக் குழந்தை சொன்னதைத் தான், அந்த மருத்துவமனையில் படித்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம், கணவரும், மாமியாரும், நானும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். மாமியார் தானாகவே, 'நானும் வரேன், என்னன்னு காதால கேட்டுக்கறேன்' என்று கிளம்பினார். அங்கே கல்லீரல் பிரிவில் இருந்த டாக்டரம்மா, என்னைப் பெயர் சொல்லி அழைத்து, கதவைச் சாத்தச் சொல்லி விட்டுப் பேசினார். அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டுத் தெரிந்து கொண்டதையும், எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

நம் ஊரில் கல்லீரல் வியாதி என்றாலே மஞ்சள் காமாலை, மஞ்சள் காமாலை என்றாலே கண் மஞ்சளாக வேண்டும் என்று நினைப்போம். இந்த 'சி' அப்படி இல்லை. வருஷக்கணக்கில் ஒன்றும் காட்டாது. கொஞ்சம் அசதி இருக்கலாம். எனக்கும் ரொம்ப நாளாகவே அசதி உண்டு. அதற்கு நான் வாங்கிய பட்டம், 'சோம்பேறி!' உள்ளே கல்லீரல் மெல்ல மெல்லத் தழும்பேறிக் கொண்டே வரும். நாட்பட்ட நோயாகத் தங்கி விட்டவர்களில், 100க்கு 15 முதல் 30 பேருக்கு, 20 வருஷத்துக்குள் கல்லீரல் சுருக்க நோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் சிலருக்குப் புற்றுநோயும் வரலாம்.

இன்னொன்று... முதல் டெஸ்டில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், கிருமி உடம்பில் இப்போது இருக்கிறது என்று அர்த்தம் இல்லையாம்! எப்போதோ வந்து போனதற்கான அடையாளம் மட்டும் கூட அதில் தெரியும். இந்தக் கிருமி தொற்றியவர்களில், 100க்கு 15 முதல் 45 பேருக்கு, ஆறு மாதத்துக்குள் தானாகவே நீங்கி விடுகிறதாம். கிருமி இருக்கிறதா என்று பார்க்க, 'வைரல் லோடு' என்று இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டும். அந்த முதல் மருத்துவமனையில் இதைக் கூடச் சொல்லவில்லை. முதல் டெஸ்டை மட்டும் பார்த்து, பன்னிரண்டு ராத்திரி அழுதவள் நான்.

என் துரதிர்ஷ்டம், எனக்கு அது இருந்தது. லட்சக்கணக்கில் ஒரு நம்பர் போட்டிருந்தது. பார்த்ததும் தலை சுற்றியது. 'இந்த நம்பர் பெருசா இருந்தா கல்லீரல் ரொம்பக் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. கிருமி இருக்கா, இல்லையான்னு பார்க்கத் தான் இது. கல்லீரலுக்கு வேற டெஸ்ட் இருக்கு' என்றார் டாக்டரம்மா.

'எனக்கு எப்படி டாக்டர் வந்தது?' என்று கேட்டேன். கணவர் பக்கத்தில் இருக்கும் போதே கேட்டேன். அவர், 'சின்ன வயசுல ரத்தம் ஏத்தினாங்களா?' என்று திருப்பிக் கேட்டார்.

ஏற்றினார்கள். 1997ல், எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் போது லாரி மோதி, தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷனின் போது இரண்டு பாட்டில் ரத்தம். அம்மா தன் தோட்டை அடகு வைத்து, அப்பா அலைந்து, பணம் கொடுத்து வாங்கிய ரத்தம். அந்தக் காலத்தில் ரத்தத்தை விலைக்கு விற்பவர்கள் இருந்தனர். 1998 ஜனவரியில் இருந்து தான் அது தடை செய்யப்பட்டது. ரத்த வங்கிகளில் இந்த 'சி' கிருமிக்குப் பரிசோதனை கட்டாயமானது 2001ல். இந்தக் கிருமியையே 1989ல் தான் கண்டுபிடித்திருக்கின்றனர். இதற்காக, ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் என்ற மூவருக்கு 2020ல் நோபல் பரிசு கொடுத்ததாக மகள் படித்துச் சொன்னாள்.

'அதனால தான் வந்ததுன்னு நூத்துக்கு நூறு சொல்ல முடியாது. கொதிக்க வெச்சுக் கொதிக்க வெச்சு ஒரே ஊசியை எல்லாருக்கும் போட்ட காலம் இருந்தது; காது குத்தின ஊசி, பச்சை குத்தின ஊசி... எதுவாவும் இருக்கலாம். இப்ப அதைத் தேடி என்ன ஆகப் போகுது? குணப்படுத்தற வழியைப் பார்ப்போம்' என்றார் டாக்டரம்மா. கணவர், என் கையைப் பிடித்துக் கொண்டார். மாமியார் இருக்கிறாரே என்று கூடப் பார்க்கவில்லை.

இதை என் அம்மாவிடம் சொன்ன போது தான் தாங்க முடியவில்லை. 'நான் தானே என் தோட்டை வெச்சு அதை வாங்கி உனக்கு ஏத்துனேன்...' என்று தலையில் அடித்துக் கொண்டார். 'அம்மா, அந்த ரத்தம் இல்லைன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன். உன் பேரன், பேத்தி ஏது?' என்றேன். அழுகை நின்றது. ஆனால், அதன் பின் அம்மா போன் செய்தால், முதலில், 'சாப்பிட்டியா?' என்று கேட்பதில்லை. 'டெஸ்ட் என்னாச்சு?' என்று தான் கேட்கிறார்.

கணவருக்கும், பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துக் கொடுத்தோம். தாயிடம் இருந்து குழந்தைக்குப் பிரசவ சமயத்தில் வருவது, 100க்கு ஐந்து, ஆறு பேருக்குத் தானாம். தாம்பத்தியத்தால் பரவுவதும் ரொம்பக் குறைவு என்றனர். இருந்தாலும், ரிசல்ட் வருவதற்குள் அந்த நாலு நாளும் நான் நானாக இல்லை. நல்ல காலம், மூவருக்கும் இல்லை. என் இரண்டு பிரசவச் சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். ஹெச்.ஐ.வி., மற்றும் 'பி' வகைக்குப் பார்த்திருக்கின்றனர். 'சி' பார்த்ததாக இல்லை. அன்றே பார்த்திருந்தால் என்று மனம் அடித்துக் கொள்கிறது. அடித்துக் கொண்டு என்ன பிரயோஜனம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரம்மாவிடம், 'தட்டு, டம்ளர் எல்லாம் தனியா வெச்சுட்டேன் டாக்டர்' என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்து விட்டு, 'உங்க வீட்டுல நகம் எதால வெட்டுவீங்க?' என்று கேட்டார்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு பாதி பிளேடு செருகியிருக்கும். மகனுக்கு நகம் வெட்டுவதும் அது தான். மாமியாரின் கால் ஆணியைச் சீவுவதும் அது தான். நான் ரவிக்கையில் நூல் பிரிப்பதும் அது தான். உங்கள் வீட்டிலும் இருக்கிறதா என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். அதோடு, கல்யாண வீடு என்றால், என் தோட்டை மகள் போட்டுக் கொள்வாள், அவளுடையதை நான் போடுவேன். காதில் புண் இருந்தாலும் பார்ப்பதில்லை. பன்னிரண்டு நாள், பயமே தேவையில்லாத டம்ளரைத் தனியே வைத்து விட்டு, பயப்பட வேண்டிய பிளேடைக் கண்ணாடிக்குப் பின்னால் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்தேன்!

ஒரே தட்டில் சாப்பிடுவதால், ஒரே டம்ளரில் குடிப்பதால், கட்டிப் பிடிப்பதால், முத்தம் கொடுப்பதால், இருமல், தும்மலால், ஒரே பாத்ரூமைப் பயன்படுத்துவதால் இது பரவாது. நான் சமைத்ததைச் சாப்பிட்டால் பரவாது. பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ், காதுத் தோடு, ஊசி இவற்றை மட்டும் அவரவருக்குத் தனியாக வைத்துக் கொள்ள வேண்டும். அரிவாள்மணையில் கை வெட்டினால், பிளாஸ்டர் போட்டு மூட வேண்டும். ரத்தம் சிந்தினால், பிளீச்சிங் கரைசல் ஊற்றித் துடைக்க வேண்டும். மாதவிலக்கு நாப்கினை நன்றாகச் சுற்றிப் போட வேண்டும். அவ்வளவு தான். நோய் இல்லாத வீட்டிலும் செய்ய வேண்டியவை தானே இவை?

மறுநாள், மாமியார் கடைத்தெருவுக்குப் போய், ஐந்து நகவெட்டி வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிற நூல் கட்டி, 'பச்சை எனக்கு, சிவப்பு உனக்கு' என்று பிரித்துக் கொடுத்து விட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிளேடைத் தாளில் சுற்றி, அவரே கொண்டு போய்ப் போட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா... என் டம்ளரில் அவர் இன்றும் குடிப்பதில்லை. ஆனால், பேரனை என்னிடம் தள்ளி, 'ஸ்பூனு என்னடா ஸ்பூனு, அம்மா கையால வாங்கிச் சாப்பிடு' என்றது அவர் தான். 71 வயசில் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது என்று நினைக்கிறேன்.

எல்லாரும் அப்படி வருவதில்லை. ஜூன் மாதம், என் ஓரகத்தி மகளுக்கு வளைகாப்பு. நான் தூக்கி வளர்த்த பெண். எப்படியோ விஷயம் தெரிந்து விட்டது. முதல் நாள் ராத்திரி ஓரகத்தி போன் செய்து, 'தப்பா எடுத்துக்காதே... நீ வந்து உட்காரு, போதும். வளையல் போட வேணாம். கண்ணாடி வளையல் உடைஞ்சு கிழிச்சிடும்ல, வயித்துப் புள்ளைக்காரி' என்றார். அந்தப் பயத்திலாவது ஒரு துளி நியாயம் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். ஆனால், நான் கிண்டிய கலவைச் சாதத்தைப் பரிமாறாமல் ஓரமாக வைத்தது எந்த நியாயம்? சந்தனம் தொட்டுக் கன்னத்தில் வைக்கக் கூட என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பெண் மட்டும், கிளம்பும் போது வாசல் வரை வந்து, 'சித்தி...' என்று என் கையைப் பிடித்துக் கொண்டாள். ஓரகத்தியிடம் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால், நானே என் டம்ளருக்குப் பொட்டு வைத்தவள் தானே?

இனி, மருந்துக்குத் தயாராவது பற்றி. 'மாத்திரையைக் குடுங்க, இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன்' என்று அவசரப்பட்டேன். 'அவசரம் வேணாம், முதல்ல சில டெஸ்ட் பார்க்கணும்' என்றனர். கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், வயிற்று ஸ்கேன், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வலி இல்லாமல் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எல்லாம் எடுத்தனர். எனக்குக் கல்லீரல் சுருக்கம் ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்தேன்.

'பி' வகைக் கிருமி இருக்கிறதா என்றும் கட்டாயம் பார்க்க வேண்டுமாம். அது உள்ளே தூங்கிக் கொண்டிருந்தால், 'சி' மருந்து சாப்பிடும் போது விழித்துக் கொள்ளுமாம். அது இல்லை என்று தெரிந்ததும், எனக்கு 'பி' தடுப்பூசி போட்டனர். 'சி'க்குத் தடுப்பூசி கிடையாது. கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதி செய்தனர். கர்ப்ப சமயத்தில் இந்த மருந்தை ஆரம்பிப்பதில்லையாம். ஆகவே, இளம் வயது சகோதரிகள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்புறம், 'வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்களோ, அத்தனையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வாங்க' என்றனர். வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை, சில இதய மாத்திரைகள் இந்த மருந்தோடு சேராதாம். நான் பையைக் கொட்டிய போது, அதில் ஒரு லேகிய டப்பாவும் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, 'கல்லீரலுக்கு ரொம்ப நல்லது' என்று 600 ரூபாய்க்கு வாங்கித் தந்தது. கீழாநெல்லியும் தினம் அரைத்துக் குடித்துக் கொண்டிருந்தேன். உப்பு, எண்ணெய் இல்லாமல் பத்தியம் வேறு! இரண்டு மாதத்தில் நாலு கிலோ இளைத்தது தான் மிச்சம். 'உள்ள என்ன கலந்திருக்குன்னு தெரியாததை, மருந்து முடியற வரைக்கும் தொடாதீங்க. கல்லீரலே அதைச் சுத்தம் பண்ணிக் களைச்சுப் போகும். எப்பவும் போல சாப்பிடுங்க. காபி கூடக் குடிக்கலாம். மது மட்டும் யாராயிருந்தாலும் கூடவே கூடாது' என்றார் டாக்டரம்மா. லேகியத்தைக் கொடுத்த அக்காவிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. அன்பாகத் தானே கொடுத்தார்!

இந்த நோய்க்கு முன்பெல்லாம் 'இன்டர்ஃபெரான்' என்று ஊசி போடுவார்கள். பலருக்கு ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் போட வேண்டும். காய்ச்சல், முடி உதிர்வு, மனச்சோர்வு என்று படாத பாடு. அவ்வளவு பட்டும், ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தான் குணம். கணவரின் கடைக்கு வரும் ஒருவர், தன் மாமா பட்ட பாட்டைச் சொல்லி, 'அந்த வைத்தியத்துக்கு வியாதியே தேவலைங்க' என்றாராம். அவர் சொன்னது, அந்தக் காலக் கதை. 2013ல் அமெரிக்காவில் 'சோஃபோஸ்புவிர்' என்ற மாத்திரை வந்தது. அங்கே ஒரு மாத்திரை விலை 1,000 டாலர்! நம் நாட்டில் 2015ல் இருந்து, அதே மருந்தை இங்குள்ள கம்பெனிகளே மிகக் குறைந்த விலையில் தயாரிக்கின்றன. 2018 ஜூலை 28ல் மத்திய அரசு, தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. அதில் டெஸ்டும், மாத்திரையும் இலவசம். பஸ் செலவும், அலைச்சலும் தான் நம்முடையது.

எனக்கு சோஃபோஸ்புவிரும், டக்லடாஸ்விர் என்ற மாத்திரையும், தினம் ஒரு வேளை; 12 வாரம், அதாவது 84 நாள். இதைச் சாப்பிட்டவர்களில், 100க்கு 95 பேருக்கு மேல் குணமாகிறது. தலைவலி, அசதி வரலாம் என்றனர். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு மருந்தும், நாளும் மாறலாம். ஆகவே, என் சீட்டைப் பார்த்து நீங்கள் மருந்து வாங்கி விடாதீர்கள்.

ஒரு நாள் கூட விடக் கூடாது. விட்டால், மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. அதற்காக ஒரு வழி செய்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றுவது மட்டும், நான் எந்த நாளும் மறக்காத வேலை. ஆகவே, மாத்திரை டப்பாவின் இடம் விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில். விளக்கைத் தொட முடியாத நாளில், மகள் விளக்கேற்றி விட்டு, 'அம்மா, மாத்திரை' என்று குரல் கொடுக்க வேண்டும். காலண்டர் அட்டையின் பின்பக்கம், மகன் 84 கட்டம் போட்டு வைத்திருக்கிறான். கடைசிக் கட்டத்தில் ஒரு கேக் படம். எனக்காக அல்ல, அவனுக்காக!

84 நாள் முடிந்ததும் குணம் என்று சொல்லி விட மாட்டார்கள். அதற்குப் பின் 12 வாரம் கழித்து, மறுபடி வைரல் லோடு பார்த்து, கிருமி இல்லை என்றால் தான் குணம். அப்போதும், அந்த முதல் டெஸ்ட் 'பாசிட்டிவ்' என்றே காட்டுமாம். ஆகவே, குணமான சீட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு முறை குணமானவருக்கு மறுபடி தொற்றாது என்றும் இல்லை. நகவெட்டிகளின் கலர் நூலை அவிழ்க்கப் போவதில்லை. ஹெர்னியாவுக்கு அவசரம் இல்லை என்பதால், மருந்து முடிந்ததும் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கின்றனர். இந்தக் கிருமி இருப்பதால் ஆபரேஷன் கூடாது என்று ஒன்றும் இல்லையாம்!

சகோதரிகளே... 2001க்கு முன் ரத்தம் ஏற்றிக் கொண்டவர்கள், ஆபரேஷன், விபத்து, பிரசவம் என எதற்காக இருந்தாலும், ஒரு முறை இந்த டெஸ்டை எடுத்து விடுங்கள். உங்கள் அம்மாவுக்கு, மாமியாருக்கும் கேட்டுப் பாருங்கள். டாக்டர்களுக்கும், நர்ஸ்களுக்கும் ஒரு வேண்டுகோள்... வருகிறவர்களில் யாருக்கு என்ன கிருமி இருக்கிறது என்று, டெஸ்ட் எடுக்காத வரை யாருக்கும் தெரியாது. ஆகவே, எல்லாருடைய ரத்தத்துக்கும் ஒரே ஜாக்கிரதை தான் வேண்டும். ஒருத்தி பைலில் மட்டும் சிவப்பு வட்டம் போட்டு, வராந்தாவில் கூவுவதால், யாருக்கும் பாதுகாப்பு வந்து விடாது. அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டாள். அவ்வளவு தான் நடக்கும்.

வருகிற திங்கட்கிழமை, முதல் மாத்திரை.

ஒன்றை ஒப்புக் கொள்கிறேன். இத்தனையும் எழுதி விட்டு, என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக் கொள்கிறேன். வயசுக்கு வந்த பெண் வீட்டில் இருக்கிறாள். நாளைக்கு நாலு பேர் பெண் பார்க்க வர வேண்டும். டம்ளர் பொட்டை அழித்து விட்டேன். இந்தப் பயத்தை இன்னும் அழிக்க முடியவில்லை. மகளிடம் சொன்னால், 'இதைப் படிச்சிட்டு வராத மாப்பிள்ளை எனக்கு எதுக்கும்மா? பேரைப் போடு' என்கிறாள். குணமான சீட்டு கைக்கு வரட்டும். அப்போது இன்னொரு கடிதம் எழுதுகிறேன், பெயரோடு.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சை மாவட்டம்.